பீடியை விட்ட தபால்காரர்

1972-ஆம் வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் சாமுவேலால் ஒரு தெருவை நிற்காமல் நடந்து முடிக்க முடியவில்லை. ஐம்பது அடி வைத்தால் இடது கெண்டைக்காலைக் கயிறு போட்டு இறுக்குவது போல் வலி வரும். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். மறுபடி ஐம்பது அடி. தபால்காரன் தெருவில் நிற்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பையைத் துழாவினால் போதும். அப்படி நின்ற இடத்தில் எல்லாம் அவன் ஒரு பீடியைப் பற்றவைத்தான். பீடி குடித்தால் வலி குறைகிறது என்று நினைத்திருந்தான்.

அதே வாரம் இடது கால் கட்டைவிரல் ஓரம் கறுத்தது. கல் இடித்திருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டான். நான்காம் நாள் அவன் மனைவி மேரி அவனை டாக்டர் சபாபதியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் விரலை அதிக நேரம் பார்க்கவில்லை. புறங்காலில் இரண்டு விரலை வைத்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சாமுவேலின் கையைப் பிடித்து, முதலில் வலது காலில், அதே இடத்தில் வைக்கச் சொன்னார்.

“துடிக்குதா?”

“துடிக்குது சார்.”

“இப்ப இடது கால்ல வை.”

சாமுவேல் வைத்துப் பார்த்தான். இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை பீடி?”

“ஒரு கட்டு சார். சில நாள் கொஞ்சம் மேலயும் ஆவும்.”

“இது பீடியால வர்ற வியாதி. காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டே வருது. உனக்கு முப்பத்தெட்டு வயசுதான் ஆகுது. இப்படியே விட்டா விரல் போகும், அப்புறம் பாதம் போகும். பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ஆபரேஷன் செய்றாங்க. ஆனா பீடி குடிக்கிறவனுக்கு அதைச் செஞ்சு பிரயோஜனம் இல்ல. நாப்பது நாள் ஒண்ணுகூடத் தொடாம இருந்துட்டு வா. நான் லெட்டர் தர்றேன்.”

“குறைச்சுக்கிறேன் சார்.”

“குறைக்கிற பேச்சே இல்ல. ஒண்ணும் முப்பதும் இந்தக் காலுக்கு ஒண்ணுதான்.”

வெளியே வந்ததும் சாமுவேலின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மேரி அதைப் பார்த்தாள். அவள் மிஷன் பாலர் பள்ளியில் ஆசிரியை. எதையும் நாள் குறித்துச் செய்கிற பழக்கம் அவளுக்கு. வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டினாள்.

“பிப்ரவரி பதினாறு சாம்பல் புதன் வருதுங்க. அன்னிலேருந்து ஈஸ்டர் வரைக்கும், ஞாயித்துக்கெழமைங்களை விட்டுட்டா, நாப்பது நாள். நடுவுல இருக்கிற இந்த நாலு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா பழகிக்குங்க. அன்னிக்கு ஒரேயடியா விட்டுடலாம்.”

அவன் தலையாட்டினான். நான்கு வாரம் இருக்கிறது என்பதே அப்போதைக்கு ஆறுதலாக இருந்தது.

தினமும் காலையில் மேரி அன்றைக்கு உரிய பீடிகளை ஒரு காலி பவுடர் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். முதல் வாரம் இருபது, அடுத்த வாரம் பதினைந்து, அதற்கடுத்து பத்து. குறையக் குறைய ஒவ்வொன்றுக்கும் ருசி கூடியது. முப்பது குடித்த நாட்களில் எதைக் குடித்தோம் என்ற நினைவே அவனுக்கு இருந்ததில்லை. ஏழாக ஆனபோது அந்த ஏழைப் பற்றியே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தான். கடிதங்களை அடுக்கும்போது, அடுத்தது எந்த வாசலில் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

சேதி தெருவுக்குப் போனது கோதண்டபாணியால்தான். சாமுவேல் தபால் கொடுக்கும் நான்கு நெசவுத் தெருக்களும் கூடுகிற மூலையில் அவனுடைய பெட்டிக்கடை. பதினோரு வருஷமாக சாமுவேலுக்கு பீடி கொடுத்து வந்தவன் அவன். தினம் ஒரு கட்டு வாங்குகிற ஆள் இப்போது ஏன் இரண்டு நாளைக்கு ஒன்றுதான் வாங்குகிறான் என்று கேட்டான். சாமுவேல் காலைக் காட்டினான். கோதண்டபாணி குனிந்து கறுத்த விரலைப் பார்த்தான்.

“என் கையால குடுத்த பீடிதானேபா இத்தினியும்,” என்றான். “பதினாறாந்தேதிக்கு மேல நீ காலுல விழுந்தாலும் இங்க பீடி கிடையாது. மத்த கடைக்காரனுங்ககிட்டயும் சொல்லி வெக்கிறேன்.”

சொல்லியும் வைத்தான். இரண்டு நாளில் நான்கு தெருக்களுக்கும் தெரிந்துவிட்டது. தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: “தபால்காரரே, இன்னும் எத்தினி நாள்?” ஒருவர் கிராம்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, ஆசை வரும்போது கடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வீட்டில் உப்பில் ஊறிய நெல்லிக்காய் கொடுத்தார்கள். தன் மாமனார் எழுபது வயதில் சுருட்டை விட்ட கதையை ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை சொன்னார். சாமுவேல் எல்லாவற்றையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டான், கேட்டுக்கொண்டான். பை நிறைய கிராம்பு வாசனை அடித்தது.

பூவம்மாள் மட்டும் எதையும் கொடுக்கவில்லை. அவள் தானும் ஒன்றை விட முன்வந்தாள்.

இரண்டாவது தெருவில் அவள் வீடு. கணவர் தறியில் இருப்பார், அவள் வாசற்படிக்கு உள்ளே ராட்டினம் வைத்துப் பட்டு நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பாள். சாமுவேலைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பல வருஷம் அவள் அவனிடம் கடிதத்தை வாங்குவதைத் தவிர வேறு பேசியதில்லை. அவன் கூரத்துச் சேரியிலிருந்து வந்த, கிறிஸ்தவத்துக்கு மாறிய வேதக்காரக் குடும்பம் என்று தெருவுக்குத் தெரியும். தண்ணீர் கேட்டால் வாசல் மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் தனிக் குவளையில் வரும்.

போன டிசம்பரில் எல்லையில் சண்டை வந்தபோது அது மாறியது. அவளுடைய ஒரே மகன் இளங்கோவன் பட்டாளத்தில் இருந்தான். மூன்று வாரம் அவனிடமிருந்து கடிதம் இல்லை. தினமும் பதினோரு மணிக்கு அவள் வாசலுக்கு வந்து நிற்பாள். கடிதம் இல்லாத வீட்டைத் தபால்காரன் தாண்டிப் போவதுதான் வழக்கம். சாமுவேல் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் நின்று, “இன்னிக்கு இல்லக்கா. ரயிலெல்லாம் பட்டாளத்துக்கு ஓடிக்கினு இருக்குது. லெட்டர் பின்னாடிதான் வரும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். கடிதம் வந்த அன்று, முதலாவது தெருவை விட்டுவிட்டு நேராக அவள் வீட்டுக்கு வந்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவனே பிரித்துப் படித்தான். படித்து முடித்ததும் அவள் உள்ளே போய்த் தன் வீட்டு டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் அவனுக்கு அந்த டம்ளர்தான்.

“நீ பீடிய விடற அன்னிக்கு நான் பொயலைய விட்டுர்றேன்,” என்றாள் இப்போது. பதினைந்து வயதிலிருந்து அவள் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை.

“உனக்கு எதுக்குக்கா அந்தக் கஷ்டம்?”

“தனியா பட்டினி கெடக்கிறது கஷ்டம்பா. ரெண்டு பேர் சேர்ந்து கெடந்தா தெரியாது. எங்க செல்லியம்மனுக்கு மாவிளக்கு போடறேன்னும் வேண்டிக்கினு இருக்கிறேன். நீ வேதக்காரன், உனக்கு அதெல்லாம் ஆவாது, தெரியும். அவ அதையெல்லாம் பார்க்க மாட்டா.”

அன்று சாமுவேல் அவள் வீட்டைத் தாண்டி, திருப்பத்தில் நின்று, அந்த நாளுக்கான கடைசிப் பீடியைப் பகல் பன்னிரண்டுக்கே குடித்துத் தீர்த்தான்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி மாலை கோதண்டபாணி கடை முன்னால் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கோதண்டபாணி ஒரு பீடியை எடுத்து, கடைத் தூணில் தொங்குகிற கயிற்றின் கங்கில் தானே பற்றவைத்து, சாமுவேலிடம் நீட்டினான். “இதான் கடைசி. நல்லா இழுத்துக்கோ.” பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பீடியைக் குடிப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பாதியிலேயே கீழே போட்டு மிதித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பாதிப் பீடியை அவனால் பல நாள் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை மிஷன் கோயிலில் பாஸ்டர் ஜெபத்தில் அவன் பெயரைச் சொன்னார். “எங்கள் சகோதரன் சாமுவேலுக்கு பெலன் தாரும்.” முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

முதல் நாள் பெருமையில் போனது. இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் கடிதங்களைத் தெரு மாற்றி அடுக்கினான். நான்காம் நாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினான். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததே இல்லை. மேரி தட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பிசைந்து, மறுபடி முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட முடியாமல் அழுதான். ஏன் அழுகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

தெருவில் யாரும் அவனை விடவில்லை. “அஞ்சு நாள் ஆச்சா? சபாஷ்!” “முகத்துல களை வந்துட்டுது.” கோதண்டபாணி அவனைக் கண்டதும் கடையிலிருந்து இறங்கி வந்து சூட மிட்டாய் இரண்டை வாயில் போட்டுவிடுவான். பூவம்மாள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பல்லெல்லாம் விண்ணு விண்ணுனு தெறிக்குதுபா. உனக்கு?” “எனக்கும்தான்கா.” “இருக்கட்டும். பத்து நாள் போனா சரியாப்பூடும்.” அவளைப் பார்க்கும்போது மட்டும் முடியும் என்று தோன்றியது. அவள் வாசலைத் தாண்டிய பத்தாவது அடியில் அந்த எண்ணம் போய்விடும்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊரான தாமலில் மேரியின் சித்தப்பா இறந்துபோனார். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். மேரி உள்ளே பெண்களோடு உட்கார்ந்தாள். குழி வெட்டி முடிகிற வரைக்கும் ஆண்கள் ஏரிக்கரையில் போய்க் காத்திருந்தார்கள். சாமுவேல் காலை நீட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். பக்கத்தில் இருந்த ஆள், அவனை முன்பின் தெரியாதவன், செத்தவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு பீடியைத் தான் எடுத்துக்கொண்டு இன்னொன்றை இவன் பக்கம் நீட்டினான். கை நீண்டது. வாங்கிய பிறகுதான் வாங்கியது சாமுவேலுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லித் திருப்பித் தந்திருக்கலாம். அந்த ஆள் அதற்குள் தீக்குச்சியைக் கிழித்துவிட்டான்.

முதல் இழுப்பில் தலை சுற்றியது. இரண்டாவதில் பன்னிரண்டு நாளாக இறுகிக் கிடந்தது எல்லாம் தளர்ந்தது. எதிரில் ஏரி, அக்கரையில் பனைமரங்கள். அவனைத் தெரிந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை. இன்று ஒன்று, இதோடு சரி, என்று சொல்லிக்கொண்டான். எழுந்திருக்கும்போது அந்த ஆளிடம் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான்.

அந்த இரண்டும் திங்கட்கிழமை போயின. செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் தாங்கினான். மாலையில், ரயில் நிலையத்துக்கு அப்பால், தன்னைத் தெரியாத ஒரு கடையில் அரைக் கட்டு வாங்கினான். பிறகு அது ஒழுங்காகிவிட்டது. வேலை முடிந்ததும் சைக்கிளை வேகவதி ஆற்றுப் பக்கம் விடுவான். ஆற்றில் தண்ணீர் கிடையாது. கருவேல மரத்தடியில் மணலில் உட்கார்ந்து நான்கு பீடி குடிப்பான். பிறகு கிராம்பைக் கடிப்பான், கையை மணலில் தேய்ப்பான், வீட்டுக்குப் போவான். நான்குக்கு மேல் போகவில்லை என்பதை ஒரு நேர்மை போல வைத்துக்கொண்டான். டாக்டர் சொன்னதை நினைக்காமல் இருக்கப் பழகினான்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். பல நாள் சொல்ல வாயெடுத்தான். ஆனால் அவன் சைக்கிள் திரும்பும்போதே, “இருவது நாள்!” என்று யாராவது கத்துவார்கள். முப்பதாம் நாள் ஒருவர் தன் மகனை அழைத்து வந்து நிறுத்தி, “பார்த்துக்கோடா, இவரு மாதிரி நீயும் சிகரெட்டை விடணும்,” என்றார். அந்தப் பையனுக்கு மீசை முளைத்திருந்தது. அவன் சாமுவேலை மரியாதையோடு பார்த்தான். சாமுவேல் அவர்கள் வீட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேகமாக நகர்ந்தான். வேகமாக நகர்ந்ததில் கெண்டைக்கால் இறுகியது, அடுத்த வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. சனிக்கிழமை வேலைக்கு வந்தபோது பூவம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கையில் வாழை இலைத் துண்டு, அதில் வெல்லமும் நெய்யும் மணக்கிற மாவிளக்கு மாவு.

“நேத்து வெள்ளிக்கெழம, அவளுக்கு உகந்த நாளு. போட்டுட்டேன்பா. உங்க ஈஸ்டருக்கு ரெண்டு நாள் முன்னாடியே, பரவால்ல. எனக்கு நம்பிக்கை இருக்குது.” பிறகு தயங்கினாள். “சாப்பிடுவியா? உங்க ஆளுங்க சாப்பிட மாட்டீங்கன்னு சொன்னாங்க. வேணாம்னா வேணாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அவளுடைய பற்களில் காவி குறைந்திருந்தது. அத்தனை நாளில் அவள் புகையிலையைத் தொடவே இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. சாமுவேல் இலையை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதையும் சாப்பிட்டான். விக்கல் எடுத்தது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனார்கள். போகிற வழியெல்லாம் அவன் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் விரலைப் பார்த்தார். கறுப்பு பரவியும் இருக்கவில்லை, ஆறியும் இருக்கவில்லை.

“சொன்னபடி இருந்தியா?”

சாமுவேல் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் மேரி பேசினாள்.

“நாப்பது நாளா ஒண்ணுகூடத் தொடல டாக்டர்.”

டாக்டர் சாமுவேலைப் பார்த்தார். அவன் மேரியைப் பார்த்தான். அவள் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கடிதத்தை எழுதிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்த பிறகு, “மேரி,” என்றான்.

“தெரியும்,” என்றாள் அவள். “உங்க சட்டையத் துவைக்கிறது நான்தானே. தாமல் போயிட்டு வந்த அன்னிக்கே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா? மறைச்சுக் குடிச்சதுனால நாலோட நின்னுது. கேட்டிருந்தா வீட்டுலயே உக்காந்து முப்பது குடிச்சிருப்பீங்க.” அவள் குரல் உடைந்தது. “நாலுன்றது என் கணக்குதான். எத்தினின்னு எனக்குத் தெரியாது.”

“நாலுதான்.”

“சரி.”

“டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே?”

“நெஜத்தைச் சொன்னா இன்னும் நாப்பது நாள்னு அனுப்புவாரு. அந்த நாப்பதும் இப்படித்தான் போகும். கால் அதுவரைக்கும் இருக்குமா? ஆபரேஷனாவது நடக்கட்டும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். வேற எனக்கு என்னா தெரியும், சொல்லுங்க.”

இருவரும் வீடுவரைக்கும் நின்று நின்று நடந்தார்கள்.

பட்டணத்தில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்தபோது அவனுடைய இடது கால் ரத்தம் ஓடிச் சூடாக இருந்தது. மேரி புறங்காலைத் தொட்டுப் பார்த்து அழுதாள். ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளும் அவன் பீடியைத் தொடவில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாததால் அது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஊருக்கு வந்த மூன்றாம் நாள், சும்மா காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று ஆற்றுப் பக்கம் போனான்.

சில வாரம் நன்றாகவே நடந்தான். தெரு முழுவதும் அதைக் கொண்டாடியது. ஆனி மாதம் முடிவதற்குள் காலின் சூடு போய்விட்டது. கட்டைவிரலின் கறுப்பு பக்கத்து விரலுக்குத் தாவியது. ஆடி மாதம் மறுபடி பட்டணம் போனபோது விரலை எடுத்தார்கள், புண் ஆறவில்லை. இரண்டு வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த சாமுவேலைப் பார்க்கத் தெருக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். அவனுடைய வீட்டுப் பக்கம் அதற்கு முன்னால் வந்திராதவர்கள்கூட வந்தார்கள். கோதண்டபாணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “பீடிய விட்டும் இப்படி ஆயிட்டுதே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவன் செய்த தவம் வீணாய்ப் போய்விட்டதாகவும், நல்லவனுக்குத்தான் இப்படி நடக்கிறது என்றும் சொன்னார்கள். சாமுவேல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். வலியில் திரும்புகிறான் என்று நினைத்து அவர்கள் எழுந்து போவார்கள்.

பூவம்மாள் கடைசியில்தான் வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மேரி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். சாமுவேல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள், கீழே தரையில் உட்கார்ந்தாள்.

“நாற்காலில உக்காருக்கா.”

“இருக்கட்டும்.” கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். “நான் ரெண்டு மாசமா கோயிலுக்குப் போவறதில்லபா. உன் வெரலை எடுத்தாங்கன்னு கேட்ட அன்னியோட சரி. கும்புடற கையை மடக்கிக்கினேன். இளங்கோவன் லெட்டர்ல கேக்கறான், அம்மனுக்கு வெளக்கு போட்டியான்னு. போடலன்னு எழுதச் சொன்னேன். என் புள்ள பட்டாளத்துல இருக்கிறான், நான் அவகிட்ட இப்படிக் கோவிச்சுக்கினு இருக்கக் கூடாது. ஆனா மனசு ஆறல. தபால்காரன் பீடிய விட்டுட்டானே, நான் பொயலைய விட்டுட்டேனே, நீ மட்டும் ஏன்டி குடுத்த வாக்கைக் காப்பாத்தலன்னு நேர்லயே நின்னு கேட்டுட்டு வந்துட்டேன்.”

சாமுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். இவள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், இந்தக் கோபத்தால்தான் ஆனது என்று சாகிற வரைக்கும் நினைப்பாள். அதைத் தாங்க அவனால் முடியாது.

“அக்கா, நான் விடல,” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

“பீடிய நான் விடவே இல்ல. பன்னெண்டு நாள் இருந்தேன். அப்புறம் தாமல்ல ஒண்ணு குடிச்சேன். அப்புறம் தெனம் ஆத்துல போயி குடிச்சேன். நீ மாவிளக்கு குடுத்த அன்னிக்கும் குடிச்சேன். ஆபரேஷன் ஆயி வந்தும் குடிச்சேன். உன் சாமி ஒண்ணும் பண்ணல. நான்தான்.”

பூவம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் கத்திக்கொண்டு போனான். அந்தக் குரல் தெருக்கோடி வரைக்கும் போய் மறைந்த பிறகுதான் அவள் பேசினாள்.

“இப்பவும் குடிக்கிறியா?”

அவன் தலையணைக்கு அடியிலிருந்து பீடிக் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“காலு போயுமா?”

“ஆமாக்கா.”

“யாரு வாங்கியாந்து குடுக்கறது?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் மூலையில் மடித்து வைத்திருந்த மேரியின் புடவையைப் பார்த்தாள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

“எனக்கு முடிஞ்சுதேபா,” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “முப்பது வருஷத்துப் பொயலை. விட்டுட்டேன். உன்னை நெனச்சுத்தான் விட்டேன். எனக்கு முடிஞ்சது உனக்கு ஏன் முடியல?”

“தெரியலக்கா. தெனம் அதைத்தான் கேட்டுக்கினு இருக்கிறேன். விடணும்னு நெனக்காத நாளே இல்ல. நாளைக்கு விடணும்னு இப்பவும் நெனச்சுக்கினுதான் இருக்கிறேன்.”

அவள் பீடிக் கட்டைக் கையில் எடுத்தாள். தூக்கி எறியப் போகிறாள் என்று அவன் நினைத்தான். எறிந்தால் நல்லது என்றும் நினைத்தான், எறிந்துவிடுவாளோ என்று பயந்தும் போனான். அவள் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அவனுக்கு எட்டுகிற இடத்தில் கட்டில் மேலேயே வைத்தாள்.

“எடுத்துக்கினு போனா நாளைக்கு வேற வரும்,” என்றாள். “இத்த எதுக்குடா எங்கிட்ட சொன்னே? அவமேல கோவமா இருந்தது எனக்கு சுளுவா இருந்துது. இனிமே உம்மேல இல்ல கோவிச்சுக்கணும். இந்தக் காலைப் பார்த்துக்கினு அது எப்படி முடியும்?”

எழுந்து நின்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழ முடிந்தது. போர்வையின் ஓரம் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்து அவன் காலுக்கு மேல் சரியாகப் போட்டாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் அவளை நிறுத்துவது உள்ளே கேட்டது. “தபால்காரரைப் பார்த்துட்டு வர்றீங்களா? பாவம், பீடிய விட்ட மனுசனுக்கு இப்படி ஆயிட்டுது. எப்படி இருக்காரு?”

சாமுவேல் தலையைத் தூக்கிக் காது கொடுத்தான். பூவம்மாள் செருப்பை மாட்டிக்கொள்வது கேட்டது.

“புண்ணு ஆறிக்கினு வருது,” என்றாள். பிறகு அவள் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போவாளா என்று அவனுக்குத் தெரியாது. அந்தத் தெருக்களுக்கு இப்போது வேறு ஆள் தபால் கொண்டுபோகிறான். யாரிடமும் கேட்கவும் வழியில்லை. அன்று மாலை மேரி பள்ளி விட்டு வந்து, விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யார் வந்தாங்க?”

“பூவம்மாக்கா.”

“என்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல,” என்றான் சாமுவேல். “மேரி, வர்ற ஞாயித்துக்கெழமையிலிருந்து விட்டுடலாம்னு இருக்கிறேன்.”

மேரி அவனைப் பார்த்தாள். எழுந்து போய்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.